பேரச் சொல்லலீங்களே மேம்

அந்தப் படத்தில் என் முகம் இல்லை. ஒரு கை மட்டும்தான் இருந்தது. புறங்கையில் ஊசி ஏற்றி, பிளாஸ்திரி ஒட்டி, குளுக்கோஸ் குழாய் போகிற கை. அதை ஓர் இளம்பெண்ணின் கை பற்றியிருந்தது. மேலே, "எங்க தமிழ் மேம். சீக்கிரம் நல்லாகி வந்து எங்களுக்குக் கவிதை சொல்லணும்" என்று எழுதி, இரண்டு இதயமும் ஒரு கும்பிடும் போட்டிருந்தது. பின்னால் கொஞ்சம் மங்கலாக ஒரு பலகை: மகளிர் அறுவை சிகிச்சைப் பிரிவு.

வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் அது. 24 மணி நேரத்தில் தானாக மறைந்துவிடும். ராசிபுரத்துக்கு அவ்வளவு நேரம் தேவைப்படவில்லை.

மூன்று வருடமாகக் கர்ப்பப்பையில் கட்டி. மாதத்தில் பதினைந்து நாள் உதிரப்போக்கு. வகுப்பில் நாற்காலியிலிருந்து எழுந்தால் முதலில் நாற்காலியைத்தான் திரும்பிப் பார்ப்பேன். ஹீமோகுளோபின் ஏழுக்குக் கீழே போனபோது டாக்டரம்மா எடுத்துவிடலாம் என்றார். எனக்கு நாற்பத்து நான்கு வயது. மணமுறிவுக்குப் பிறகு தனியாக இருக்கிறேன். சேலத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்ந்தேன். கல்லூரிக்கு 'உடல்நலக் குறைவு' என்று விடுப்புக் கடிதம். நெஞ்சில் ஸ்டென்ட் வைத்திருக்கிற அம்மாவுக்கு மட்டும் ஒரு பொய்: கோயமுத்தூரில் விடைத்தாள் திருத்தும் முகாம், பத்து நாள் ஆகும்.

அறுவை முடிந்த மூன்றாம் நாள் அம்மா கூப்பிட்டார். ஆட்டையாம்பட்டியிலிருந்து சித்தி மகள் சொல்லியிருக்கிறாள். அவளுக்கு அவள் நாத்தனார் மகள். அந்தப் பெண் என் கல்லூரியில் படித்தவள்.

"கைல ஊசி போட்டுக்கிட்டேதான் பேப்பர் திருத்தறியா கண்ணு?"

நான் பேசவில்லை.

"பெத்தவகிட்டச் சொல்றதுக்கு உனக்கு மனசு வரல. ஊருக்குச் சொல்ல மட்டும் வந்துருச்சா?"

ஊருக்கு நான் சொல்லவில்லை என்று அம்மாவை நம்பவைக்கப் பல மாதம் ஆனது. இன்றைக்கும் அவர் முழுதாக நம்பினாரா என்று தெரியாது.

என் வலது கைப் பெருவிரலுக்குக் கீழே எண்ணெய் தெறித்துச் சுட்ட தழும்பு ஒன்று உண்டு. இருபது வருடமாகக் கரும்பலகையில் எழுதுகிற கை. அதைப் பார்த்துப் பாடம் எடுத்துக்கொண்ட பெண்கள் இந்தப் பக்கத்தில் எத்தனையோ பேர். தழும்பு இல்லாவிட்டாலும் என்ன? படத்தைப் போட்டவள் என் பழைய மாணவி. அவளுக்கு எத்தனை 'தமிழ் மேம்' இருக்க முடியும்?

ஆறு வாரம் கழித்துக் கல்லூரிக்குப் போனேன். ஆசிரியர் அறையில் ஒருவர், "எலும்பு தேஞ்சிரும்ங்க மேடம், கால்சியம் போடுங்க" என்றார். இன்னொருவர், "விட்டுது தொல்லை" என்று சிரித்தார். மூன்றாமவர் குரலைத் தணித்துக்கொண்டு "கேன்சரா?" என்று கேட்டார். எல்லாமே அக்கறைதான். அலுவலக ஊழியர் ஒருவர் மட்டும் என் முகத்தைப் பார்க்காமல் கோப்பில் கையெழுத்து வாங்கினார். நான் குமைவதைக் கண்ட தோழி ஒருத்தி கேட்டாள்: "கவிதைல ஒடம்ப பத்தி எல்லாத்தையும் எழுதறவ நீ. இதுல உனக்கு என்ன ரகசியம்?"

அந்தக் கேள்வி என்னை நீண்ட நாள் விடவில்லை. என் தீட்டை, என் மார்பை, என் மணமுறிவை நான் எழுதியிருக்கிறேன். எந்தச் சொல்லால், எந்த நாளில், யாருக்கு என்பதை நான் தீர்மானித்தேன். கர்ப்பப்பை எடுத்ததையும் ஒரு நாள் எழுதியிருப்பேன். ஆனால் அந்த நாளை நான் தேர்ந்தெடுக்கவில்லை. நான் என் உடலைப் பேசுவதும் என் உடல் பேசப்படுவதும் வேறு வேறு. பெண்ணெழுத்து என்று நாம் இத்தனை வருடமாகச் சண்டை போட்டது இந்த வேறுபாட்டுக்காகத்தான் என்று அன்றைக்குத் தோன்றியது.

மருத்துவமனையில் புகார் கொடு என்றார்கள். கொடுக்கவில்லை. இரண்டு மாதம் கழித்து அவளே ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தாள். கையில் ஒரு பை கொய்யாப்பழம். பி.ஏ. தமிழ் முடித்துவிட்டு, வேலை கிடைக்காமல், ஓராண்டு நர்சிங் அசிஸ்டென்ட் படிப்பு படித்தவள். மாதச் சம்பளம் ஒன்பதாயிரம். அறுவைக்குப் பிந்தைய முதல் இரவு, வலி தாங்காமல் நான் முனகியபோது தன் டியூட்டி முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் அவள்தான். அந்தக் கைப்பிடியைத்தான் படம் எடுத்திருந்தாள்.

நான் பேச ஆரம்பிப்பதற்கு முன்பே அவள் சொன்னாள்.

"நான் பேரச் சொல்லலீங்களே மேம். மூஞ்சியையும் காட்டல. நீங்கதானுங்க சொல்லிக் குடுத்தீங்க, அகத்துல பேரு சொல்லக் கூடாதுன்னு."

எனக்குச் சிரிப்பு வந்தது. தையல் போட்ட இடம் வலித்தது. ஆமாம், நான்தான் சொல்லிக் கொடுத்தேன். அகப்பாட்டில் தலைவன் தலைவியின் பெயரைச் சுட்டக் கூடாது என்பது தொல்காப்பியம் வகுத்த இலக்கணம். புறப்பாட்டில் மன்னனின் பெயர், ஊர், கொடை எல்லாவற்றையும் சொல்லலாம். காதலிக்கிற பெண்ணின் பெயரை மட்டும் சொல்லக் கூடாது. அதைக் கவிதையழகு என்று மட்டும் நடத்திக்கொண்டிருந்தேன். அது ஒரு காப்பு என்பதை வகுப்பில் நான் அழுத்திச் சொன்னதே இல்லை.

இன்னொன்றையும் அரைகுறையாகவே சொல்லியிருந்தேன். அம்பல், அலர். வாய்க்குள் முணுமுணுக்கிற மட்டும் அம்பல். ஊர் அறிய விரிந்தால் அலர், பூ மலர்வதுபோல. சங்கப் பாட்டில் ஊர்ப் பெண்டிர் அலர் தூற்றுவதற்குத் தலைவியின் பெயரா தேவைப்பட்டது? எந்தத் தெரு, யார் மகள், யாருடைய தேர் வந்து நின்றது என்பது தெரிந்தால் போதும். சிறிய ஊரில் பெயர் என்பது ஒரு சொல் அல்ல. தழும்பு, பலகை, 'தமிழ் மேம்', சித்தி மகளின் நாத்தனார் மகள், இவை எல்லாம் சேர்ந்ததுதான் பெயர்.

சட்டத்துக்கு இது தெரியாமல் இல்லை. மருத்துவர்களுக்கான 2002 நடத்தை விதிகளிலேயே, நோயாளி இன்னார் என்று அடையாளம் தெரியக்கூடிய படத்தையோ நோய் விவரத்தையோ அவர் அனுமதியின்றி வெளியிடக் கூடாது என்று இருக்கிறது. கவனியுங்கள், விதி தடுப்பது அடையாளம் தெரிவதை. பெயரை எடுத்துவிட்டால் போதும் என்று அது சொல்லவில்லை. 2021இல் திருத்திய கருக்கலைப்புச் சட்டப்படி, கருவைக் கலைத்துக்கொண்ட பெண்ணின் விவரத்தைச் சட்டம் அனுமதித்தவரைத் தவிர வேறு யாரிடம் சொன்னாலும் மருத்துவருக்கு ஓராண்டு வரை சிறை கிடைக்கலாம். எச்.ஐ.வி. உள்ளவர்களின் விவரத்துக்கு 2017இல் தனிச் சட்டமே வந்தது. 2023 ஆகஸ்டில் தேசிய மருத்துவ ஆணையம் சமூக ஊடகத்துக்கென்றே மருத்துவர்களுக்கு வழிகாட்டுதல் வெளியிட்டது: நோயாளியின் சிகிச்சையைப் பொதுவெளியில் பேசாதே, ஸ்கேன் படங்களைப் போடாதே, லைக்குகளையும் பின்தொடர்வோரையும் காசு கொடுத்து வாங்காதே. அதே மாதம் அந்த விதிகள் மொத்தமும் நிறுத்திவைக்கப்பட்டன.

இவை பெரும்பாலும் மருத்துவருக்கானவை. என் மாணவிக்கு யாரும் எதையும் சொல்லித் தரவில்லை. செவிலியர் கல்லூரியில் விளக்கேற்றும் விழாவில் நைட்டிங்கேல் பெயரால் உறுதிமொழி எடுப்பார்கள். பணியில் தெரியவரும் குடும்ப விஷயங்களை வெளியிட மாட்டேன் என்பதும் அதில் அடக்கம். ஓராண்டுப் படிப்பில் அந்த விளக்கும் கிடையாது, உறுதிமொழியும் கிடையாது. வேறொன்றை அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

"டெலிவரி ஆச்சுன்னா கொழந்தையோட நாங்க போட்டோ எடுத்து அனுப்போணும்ங்க மேம். ஆஸ்பத்திரி இன்ஸ்டாகிராம்ல போடுவாங்க. அத நாங்க எல்லாரும் ஸ்டேட்டஸ் வைக்கோணும். வைக்கலீனா ஏன் வைக்கலன்னு குரூப்லயே கேப்பாங்க."

"அந்தப் பொண்ணுகிட்டக் கேப்பீங்களா?"

"அட்மிஷன் பாரத்துல ஒரு கையெழுத்து வாங்கறாங்க. யாரும் படிக்கறதில்லீங்க. முக்காவாசி புருஷங்காரர்தான் போடறாரு."

பெற்றவள் மயக்கத்தில் இருக்க, கணவனின் கையெழுத்தில் அவள் முகம் ஊருக்குப் போகிறது. படம் போடுவது நல்ல ஊழியரின் கடமை என்று அந்த மருத்துவமனைதான் அவளுக்குப் பழக்கியிருந்தது. ஒரு வித்தியாசம்தான்: அங்கே விளம்பரத்துக்காக, இங்கே அன்புக்காக. நான் புகார் கொடுத்திருந்தால் வேலை போயிருப்பது இந்த அன்புக்குத்தான். இன்ஸ்டாகிராம் பக்கம் அப்படியே இருந்திருக்கும்.

எப்போதும் அப்படித்தான் என்று சொல்ல முடியாது. 2024 அக்டோபரில் யூடியூபர் இர்ஃபான், சென்னைத் தனியார் மருத்துவமனை ஒன்றின் அறுவை அரங்கில் தன் குழந்தையின் தொப்புள்கொடியைத் தானே வெட்டிய காணொளியை வெளியிட்டார். அரசு அந்த மருத்துவமனைக்கு 50,000 ரூபாய் அபராதமும் பத்து நாள் தடையும் விதித்தது. நிறுவனத்தின் மீது கை வைத்த அரிதான சம்பவம். ஆனால் என் காதில் விழுந்த விவாதம் எல்லாம் கத்தரிக்கோலைப் பற்றியே இருந்தது. பிரசவ அரங்குக்குள் கேமரா எப்படிப் போயிற்று என்று கேட்டவர்கள் குறைவு.

அதற்கு ஐந்து வருடம் முன்பு, 2019 ஜூனில், ஒடிசாவின் மல்காங்கிரி மாவட்ட மருத்துவமனையில் பச்சிளங்குழந்தைகளின் சிறப்புப் பிரிவில் சீருடையோடு ஆடிப்பாடி டிக்டாக் எடுத்த நர்ஸ்களுக்கு விளக்கம் கேட்டு நோட்டீஸ் போனது. தப்புதான். கருவிகளுக்கு நடுவே கிடக்கிற குழந்தைகளுக்கு முன்னால் அது தப்பு. ஆனால் அந்தக் காணொளிக்குக் கீழே வந்த வசவுகளில் குழந்தைகளைப் பற்றி எவ்வளவு, ஆடிய பெண்களைப் பற்றி எவ்வளவு என்று எண்ணிப் பார்த்தால், பொறுப்பு என்ற சொல்லுக்குள் எது ஒளிந்திருக்கிறது என்று தெரியும். நர்ஸ் ஆடக் கூடாது என்பதல்ல கேள்வி. நோயாளியின் படுக்கையோரத்தில் எதற்கு போன் என்பது மட்டும்தான் கேள்வி.

இந்த இடத்தில் எங்கள் தெருவின் மருத்துவச்சிப் பாட்டி நினைவுக்கு வருகிறார். நாவிதர் குடும்பம். எங்கள் வீட்டு முன்வாசலை அவர் மிதித்து நான் பார்த்ததில்லை. கொல்லைப்புறமாக வந்து, பேறு பார்த்து, கொல்லைப்புறமாகவே போவார். எந்த வீட்டில் எந்தக் குழந்தை எப்படிப் பிறந்தது, எந்தப் பெண்ணுக்குக் கல்யாணத்துக்கு முன் என்ன நடந்தது, எல்லாம் அவருக்குத் தெரியும். அவர் வாயிலிருந்து ஒரு சொல் வந்ததில்லை என்று அம்மா இன்றும் வியப்பார். முன்வாசல் கொடுக்காத வீடுகளின் மானத்தை அவர் காத்தார்.

ஆனால் இந்த மௌனத்தைப் புகழ்ந்துவிட்டு என்னால் நகர முடியவில்லை. இது சேலம் சீமை. பிறந்த பெண்குழந்தைக்குக் கள்ளிப்பால் கொடுத்த வீடுகளிலும் ஒரு மருத்துவச்சி இருந்திருப்பார். அவரும் பேசியிருக்க மாட்டார். அந்த மௌனம் காத்தது யாரை?

1992இல் தொட்டில் குழந்தைத் திட்டம் இந்தச் சேலம் மாவட்டத்தில்தான் தொடங்கியது. ராசிபுரமும் அப்போது அந்த மாவட்டம். நாமக்கல் பிரிந்தது 1997இல். வளர்க்க முடியாத குழந்தையை அரசுத் தொட்டிலில் விட்டுவிடலாம், பெற்றவள் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. பெண் வேண்டாம் என்ற மனதை அது மாற்றவில்லை என்ற விமர்சனம் சரியானது. இருந்தாலும் ரகசியம் ஓர் உயிரைக் கொல்லாமல் காப்பாற்றவும் முடியும் என்பதை அந்தத் தொட்டில் காட்டியது. அங்கே ரகசியம் அந்தத் தாயுடையதாக இருந்தது.

2019 ஏப்ரல் கடைசி வாரம். நாடாளுமன்றத் தேர்தல் வாக்குப்பதிவு முடிந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. எல்லோருடைய போனுக்கும் ஓர் ஒலிப்பதிவு வந்தது. எங்கள் ஊர்ப் பெண் ஒருவரின் குரல். அரசு மருத்துவமனையில் செவிலியர் பணி பார்த்து ஓய்வு பெற்றவர். ஆண் குழந்தைக்கு ஒரு விலை, பெண் குழந்தைக்கு அதைவிடக் குறைந்த விலை, நிறத்துக்குத் தகுந்தாற்போல் கூடுதல். பிறப்புச் சான்றிதழுக்கு 70,000 ரூபாய். முப்பது வருடமாக இதைச் செய்துவருவதாகச் சந்தையில் நிற்பவர்போல் நிதானமாகச் சொன்னது அந்தக் குரல். கைதுகள் தொடர்ந்தன. அவற்றில் ஓர் ஆம்புலன்ஸ் ஓட்டுநரும் வேறொரு மருத்துவமனைச் செவிலியரும் இருந்தார்கள். கொல்லிமலையின் ஏழைத் தாய்களிடம் குழந்தைகள் வாங்கப்பட்டதாக விசாரணையில் வந்தது. வழக்கு சி.பி.சி.ஐ.டி.க்குப் போனது.

நெய்க்கும் ஜவ்வரிசிக்கும் பேர்போன ஊர் குழந்தை விற்ற ஊர் ஆனது. அந்த ஒலிப்பதிவை நான் அன்றிரவே நான்கு குழுக்களுக்கு அனுப்பினேன். அதற்காக இன்றும் வருத்தமில்லை. போனும் வாட்ஸ்அப்பும் இல்லாவிட்டால் அந்த வியாபாரம் இன்னும் எத்தனை வருடம் நடந்திருக்குமோ.

ஆனால் இரண்டு நாள் கழித்து இன்னொரு காணொளியையும் அனுப்பினேன். யார் எடுத்ததென்று தெரியாது. மலைக்கிராமம் ஒன்றில், குழந்தையைக் கொடுத்ததாகச் சொல்லப்பட்ட ஒரு பெண்ணிடம் யாரோ கேள்வி கேட்கிறார்கள். முகம் மறைக்கவில்லை. அவள் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு கீழே பார்க்கிறாள். "பாருங்கள், எப்படிப்பட்ட வறுமை" என்று ஒரு வரி சேர்த்து அனுப்பினேன். பெண்ணியவாதியின் கோபம் என்றுதான் அப்போது நினைத்தேன். கட்டிலில் படுத்துக்கொண்டு என் கையின் படத்தைப் பார்த்தபோதுதான் அந்தச் சேலைத் தலைப்பு ஞாபகத்துக்கு வந்தது. விற்றவரின் குரல் வெளியே வர வேண்டியது. பெற்றவளின் முகம் வந்திருக்கவே கூடாது. இரண்டையும் ஒரே விரலால் ஒரே வேகத்தில் தள்ளிவிட்டேன். என் மாணவியாவது பெயரையும் முகத்தையும் மறைத்தாள்.

ஆகவே மருத்துவத்துறை ஊழியர்கள் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும் என்று எழுத எனக்கு மனமில்லை. 2020 ஏப்ரலில், ஆந்திராவின் நர்சிப்பட்டினம் அரசு மருத்துவமனையின் மயக்கவியல் மருத்துவர் சுதாகர், கோவிட் நேரத்தில் போதுமான முகக்கவசம் இல்லை என்று கேமரா முன் சொன்னார். பணியிடைநீக்கம் செய்தார்கள். அடுத்த மாதம் விசாகப்பட்டினம் சாலையில் போலீசார் அவர் கைகளைக் கட்டி இழுத்துச் சென்றதை நாடே பார்த்தது. 2021இல் அவர் இறந்துபோனார். அவர் எந்த நோயாளியின் ரகசியத்தையும் சொல்லவில்லை. நிர்வாகத்தின் ரகசியத்தைச் சொன்னார். சமூக ஊடகத்தில் பொறுப்போடு இருங்கள் என்று சுற்றறிக்கை வரும்போது நாம் கேட்க வேண்டியது இதைத்தான்: யாருடைய ரகசியம் காக்கப்படுகிறது? நோயாளியுடையது என்றால் உயிரைக் கொடுத்தும் காக்கலாம். நிறுவனத்துடையது என்றால் அது ரகசியமல்ல, மறைப்பு.

அந்த ஞாயிற்றுக்கிழமை கொய்யாவை நறுக்கி, உப்பும் மிளகாய்ப்பொடியும் தொட்டுக்கொண்டு, நானும் அவளும் மாலைவரை பேசினோம். அவள் வார்டில் தன்னால் செய்ய முடிந்தது எது என்று யோசித்தோம். பெரிய சட்டம் ஒன்றும் இல்லை. படுக்கையருகே போகும்போது போன் பையிலேயே இருக்கட்டும். டியூட்டி குரூப்பில் பரிசோதனை முடிவு அனுப்பத்தான் வேண்டுமென்றால் பெயரும் முகமும் இல்லாமல் அனுப்பலாம், வேலை முடிந்ததும் அழிக்கலாம். நோயாளியோ அவர் வீட்டாரோ ஆசையாய் செல்ஃபி கேட்டால் அவர்கள் போனில் எடுக்கட்டும், தன் போனில் வேண்டாம். படுத்துக் கிடப்பவளிடம் அனுமதி கேட்காதே. ஊசி போடப் போகிற கையிடம் யாரும் மாட்டேன் என்று சொல்ல மாட்டார்கள். வீட்டுக்குப் போய் எழுந்து நடமாடும்போது அவளிடமே கேள், அவள் கணவனிடம் கேட்காதே. தப்பு நடப்பதைப் பார்த்தால் ஸ்டேட்டஸ் போட வேண்டாம்; தேதி போட்டு எழுதிவை, புகாராகக் கொடு, தனியாகக் கொடுக்காமல் நாலு பேராகப் போ.

"ஆஸ்பத்திரி போட்டோவ ஸ்டேட்டஸ் வைக்கலீனா கேப்பாங்களே மேம்?"

அதற்கு என்னிடம் உடனே பதில் இல்லை. அவளுக்கு ஒன்பதாயிரம் சம்பளம், எனக்கு அரசுச் சம்பளம். தைரியமாக இரு என்று சொல்வது எனக்குச் சுலபம். கடைசியில் அவளே ஒரு வழி சொன்னாள். அவளும் உடன் வேலை பார்க்கிற மூன்று பெண்களும் சேர்ந்து, குழந்தையின் முகமும் தாயின் முகமும் இல்லாமல், பிஞ்சுப் பாதம் மட்டும் எடுத்து அனுப்பத் தொடங்கினார்கள். நிர்வாகத்துக்குப் பிடித்துப்போய்விட்டதாம், அழகாக இருக்கிறதென்று. பாதத்தில் தழும்பு இல்லாத வயது.

இந்தக் கட்டுரையை எழுதி முடித்ததும் முதலில் அவளுக்குத்தான் படிக்கக் கொடுத்தேன். பொறுமையாகப் படித்தாள். மூன்று இடங்களில் விவரத்தை மாற்றச் சொன்னாள். மாற்றிவிட்டேன். எந்த மூன்று இடம் என்று சொல்ல மாட்டேன். திருத்திய படியை மறுபடியும் படித்துவிட்டுச் சொன்னாள்:

"இப்ப எங்கம்மா படிச்சாக்கூட நான்னு தெரியாதுங்க மேம்."

என் அம்மாவிடமும் கேட்டேன், எழுதலாமா என்று. பூக்கட்டிக்கொண்டிருந்தவர் நிமிராமல் சொன்னார்: "இந்தத் தடவையாச்சும் மொதல்ல எங்கிட்டக் கேட்டியே கண்ணு."